மேல் வீட்டு ஏசி தண்ணீரும் என் நித்தியமல்லியும்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் போகும் வழியில் இருக்கிற எங்கள் வீட்டில், ஒரு சித்திரை மாதம் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் இழுத்தது. ஒரு பூங்கொடி விஷயம்தானே என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். எனக்கு அந்த ஐந்து மாதமும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வராது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வாசலில் நிற்கும்போது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். "ம்" என்பேன். திருப்பி "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும் என்பது, அவர்கள் பத்தடி தாண்டிப் போன பிறகுதான் ஞாபகம் வரும். பிறகு அதற்காக ஒரு நாள் முழுக்க வருத்தப்படுவேன்.

இப்படிப்பட்ட எனக்கு அந்த நித்தியமல்லிக் கொடிதான் வாய் மாதிரி இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் தள்ளுவண்டியில் செடி விற்றுக்கொண்டு வந்தவரிடம் வாங்கியது. விரல் நீளக் குச்சி, அதில் நாலு இலை. கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் விட்டிருந்தோம். அங்கே நட்டு, தென்னங்கயிறு கட்டி, மாடி கிரில் வரைக்கும் ஏற்றிவிட்டேன். தினமும் காலையில் காபி குடித்த கையோடு போய், அலைகிற தளிர்களைப் பிடித்துக் கயிற்றில் சுற்றிவிடுவேன். பழுத்த இலையைக் கிள்ளுவேன். அதுவும் என்னை ஏமாற்றவில்லை. மழை வெயில் பார்க்காமல் தினமும் பூத்தது.

சாயங்காலம் நாலு மணி ஆனால் சுவருக்கு வெளியே யாராவது வந்து நிற்பார்கள். மூன்றாவது வீட்டு அம்மா கிண்ணத்தோடு வருவார். எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் தன் வண்டியில் ஒட்டியிருக்கும் சாமி படத்துக்கு ஒரு கைப்பிடி பறித்துக்கொள்வார். ஆபீஸ் விட்டு வரும் பெண்கள் ஸ்கூட்டியை நிறுத்தி, "பூ பறிச்சுக்கட்டுமாம்மா?" என்பார்கள். "பறிச்சுக்கோங்க" என்பேன். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அதைச் சொல்லிவிட்டால், நானும் ஊரோடு பேசிவிட்டேன் என்ற திருப்தி வந்துவிடும்.

அந்தச் சித்திரையில் எங்கள் வீட்டில் இரண்டு புதுச் சாமான்கள் வந்தன. கீழே எங்களுக்கு ஒன்று, மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று.

கீழே வந்தது தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின். எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், பருப்பு வேகாது. அதனால் கேன் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். கீழ்க்கட்டளையில் இருக்கும் என் மகன், "எத்தனை நாளைக்கு கேன் தூக்குவீங்க?" என்று இதை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். குடிக்கத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மெஷின் நமக்குக் கொடுப்பதைவிட, பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற தண்ணீர்தான் அதிகம். எனக்குப் பொறுக்கவில்லை. லாரி தண்ணீருக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நின்ற காலம் எல்லாம் பார்த்தவள் நான். கண்ணெதிரே தண்ணீர் சிங்க்கில் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரு சிவப்பு பக்கெட்டை வைத்து அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். காலையில் ஒரு பக்கெட், மாலையில் ஒரு பக்கெட், குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக இதைக் கொடிக்கு ஊற்றினேன். மகன் போனில் பேசும்போது அதைப் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

மாடியில் வந்தது ஏசி. அங்கே ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு ராத்திரி ஷிஃப்ட் கம்பெனி வேலை. காலையில் வந்து பகலில் தூங்கும். பகல் வெயிலில் மாடி எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் ஏசி மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது தலையாட்டினேன். ஏசியிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் சுவரோடு இறங்கி வந்தது. அதன் வாய் சரியாக என் கொடியின் வேரில் வந்து நின்றது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

வைகாசி பிறந்தது. கொடியின் இலைகள் ஓரத்தில் பழுப்பாயின. நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி ஓரம் மட்டும் கருகி, உள்ளே பச்சையாக இருந்தது. வெயில் என்று நினைத்து இன்னும் ஒரு பக்கெட் சேர்த்து ஊற்றினேன். பழுப்பு உள்ளே ஏறியது. மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. காலையில் பெருக்கும்போது துடைப்பத்தில் மொட்டாக வந்தது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வெங்காயத் தோல் ஊறவைத்த தண்ணீர் விட்டேன். டீத்தூள் போட்டேன். புளித்த மோர் தெளித்தேன். மூன்றாவது வீட்டு அம்மா கிண்ணத்தை வெறுமனே திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது, "தெருவே வந்து பறிச்சா கண்ணு படாம இருக்குமா? ஒரு படிகாரத்தைக் கட்டித் தொங்க விடுங்க" என்றார். கட்டினேன். படிகாரம் பளபளவென்று நன்றாக இருந்தது. கொடிதான் இல்லை.

ஒரு நாள் இஸ்திரிக்காரர் துணி கொடுக்க வந்தவர் கொடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாம்மா, இப்டி காஞ்சிகினே போது? வேளாவேளைக்கு தண்ணி வுட்றியா?"

"தினமும் மூணு பக்கெட்டுப்பா."

"அப்பால இன்னா கேடு இதுக்கு?" என்று குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். "அதோ பாரு, மேலேந்து சொட்டிகினு கீது பாரு. ஏசி தண்ணி. ஏசிக்கு கேஸ் அடைப்பானுங்கம்மா. அந்த கேஸு தண்ணியில எறங்கினா செடி இன்னாத்துக்கு ஆவும்?"

எனக்கு எங்கோ பூட்டுத் திறந்தது போல இருந்தது. ஏசி வந்ததும் சித்திரையில், கொடி காய ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். எல்லாம் பொருந்தி வந்தது. அதே சித்திரையில் என் சமையலறைக்கு வந்த இன்னொரு சாமானைப் பற்றி எனக்கு ஒரு நிமிஷம்கூட நினைப்பு வரவில்லை. அது என்னுடையதல்லவா!

உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைக்காமல், "மேல போய் பைப்பை தள்ளி வைக்கச் சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன்."

"செடி யாருது?"

"என்னுது."

"அப்ப நீ சொல்லு."

அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. நான் மாடிப்படி வரைக்கும் போனேன். இரண்டு படி ஏறி நின்றேன். என்னவென்று ஆரம்பிப்பது? பகலில் தூங்குகிற பெண்ணை எழுப்பி, உன் தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று சொல்வதா? இறங்கி வந்துவிட்டேன். இப்படி எத்தனை நாள் இரண்டு படி ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் வாயால் செய்ய முடியாததைக் கையால் செய்தேன். ஒரு நீல பக்கெட்டை அந்தக் குழாய்க்குக் கீழே வைத்தேன். நிரம்ப நிரம்பத் தூக்கிக்கொண்டு போய்த் தெருச் சாக்கடையில் கொட்டினேன். சிவப்பு பக்கெட் செடிக்கு, நீல பக்கெட் சாக்கடைக்கு. ஆனி மாதம் முழுக்க இதுதான் என் வேலை. முதுகு விட்டுப் போனது.

ஒரு காலை, வேலை முடிந்து வந்த அந்தப் பெண் கேட்டைத் திறக்கும்போது பக்கெட்டைப் பார்த்துவிட்டது. "ஏம்மா பக்கெட் வச்சிருக்கீங்க?" என்று கேட்டது.

நல்ல சந்தர்ப்பம். சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "கொசு வருது" என்பதுதான். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பெண் குழாயையும் பக்கெட்டையும் பார்த்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மேலே போனது. அந்த வாரக் கடைசியில் மெக்கானிக் வந்து குழாயைத் திருப்பி, வீட்டின் பின்பக்க மூலைக்கு, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அங்கே வீடு பூசியபோது மிஞ்சிய மணல் கொஞ்சம் குவிந்து கிடந்தது. அதில் போய்ச் சொட்டட்டும், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. அந்தப் பெண் முன்பெல்லாம் வரும்போதும் போகும்போதும் ஒரு சிரிப்புச் சிரிக்கும். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனது. எனக்கும் அதைப் பார்த்தால் முகம் கொடுக்க முடியவில்லை. என் மனசுக்குள் அதன் மேல் ஒரு கோபம் இருந்தது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கே வெட்கமாகவும் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுவேன்.

சரி, விஷத்தைத்தான் தள்ளி வைத்தாயிற்றே, இனி துளிர்க்கும் என்று பார்த்தேன். எங்கே? இன்னும் வேகமாகக் காய்ந்தது. குழாய் தள்ளிப் போன பதினைந்தாவது நாள், மேலே கிரில்லில் இருந்த பச்சையும் போய்விட்டது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மண்ணில் ஊறிய கேஸ் போகவில்லையோ? கட்டின படிகாரம் வேலை செய்யவில்லையோ? இல்லை, நான்தான் ஏதோ பாவம் செய்துவிட்டேனோ? இன்னும் தண்ணீர் ஊற்றினேன். ஆடியில் இஸ்திரிக்காரர், "நல்லா ஒட்ட வெட்டி வுடும்மா, துளுத்துக்கும்" என்றார். கத்தியை எடுத்து ஒட்ட வெட்டினேன். வெட்டிய குச்சிகளைக் குப்பை வண்டிக்குப் போட மனம் வரவில்லை. பின்பக்கம் கொண்டுபோய் மணல் குவியல் மேல் போட்டேன்.

வெட்டிய கட்டையும் துளிர்க்கவில்லை. நாலு மணி ஆனால் வாசலுக்கு யாரும் வருவதில்லை. ஸ்கூட்டிகள் நிற்காமல் போயின. மூன்றாவது வீட்டு அம்மா ஒரு நாள் கேட்டைத் தாண்டிப் போகும்போது கையசைத்தார். நானும் அசைத்தேன். பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து நான் வெளியாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முந்தின நாளும் அப்படித்தான்.

ஆவணியில் ஒரு மத்தியானம் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. என்னவென்று பார்க்கப் பின்பக்கம் போனேன். மணல் குவியலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் போட்ட குச்சிகளில் பெரும்பாலானவை காய்ந்து கிடந்தன. ஆனால் ஏசி குழாய் சொட்டும் இடத்தில், ஈர மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு குச்சி மட்டும் துளிர் விட்டிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஏழெட்டு இலை. ஓரத்தில் ஒரு பழுப்பும் இல்லாத, எண்ணெய் தடவியது போன்ற பச்சை இலை. அதன் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. இலை அசைந்தது. இன்னொரு சொட்டு.

விஷத் தண்ணீரில் எப்படி இது வளர்கிறது? சாகவேண்டியது பிழைக்கிறது, பிழைக்கவேண்டியது செத்துக் கிடக்கிறது. மோட்டாரை மறந்துவிட்டேன். அங்கேயே மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன்பக்கம் என்ன ஊற்றினேன், இங்கே என்ன சொட்டுகிறது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அப்போதுதான் முதல் முறையாக என் சிவப்பு பக்கெட் ஞாபகம் வந்தது.

சமையலறைக்குப் போய் அதைப் பார்த்தேன். தினமும் கையில் எடுக்கிற பக்கெட்தான், ஆனால் அன்றுதான் பார்த்தேன். உள்பக்கம் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. பிடித்து வைத்திருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. குழாயில் வரும் போர் தண்ணீரையும் தொட்டுப் பார்த்தேன். அதைவிட இது கரிப்பு அதிகம். மறுபடியும் பின்பக்கம் ஓடிப்போய், அசிங்கம் என்றெல்லாம் பார்க்காமல், ஏசி சொட்டைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். ஒரு ருசியும் இல்லை. மழைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

மெஷின் நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்த உப்பை எல்லாம் அந்தச் சின்னக் குழாயில் சேர்த்து அனுப்பியிருக்கிறது. அதைத்தான் நான் பார்த்துப் பார்த்து, ஒரு சொட்டு வீணாக்காமல், என் கொடியின் வேரில் ஊற்றியிருக்கிறேன். அதற்கு அந்தச் சித்திரையிலிருந்து கிடைத்த ஒரே நல்ல தண்ணீர் மேலே இருந்து சொட்டியதுதான். அதையும் நான்தான் பக்கெட் பக்கெட்டாகச் சாக்கடையில் கொட்டினேன்.

அன்று நான் இரண்டு படியோடு இறங்கவில்லை. பதினெட்டுப் படியும் ஏறினேன். சொல்லவேண்டியதை மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன். அந்தப் பெண் தூக்கக் கண்ணோடு கதவைத் திறந்தது. என்னைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

"அம்மா, நீங்களா? உள்ள வாங்க."

நான் உள்ளே போகவில்லை. அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்துவிட்டது. "அந்தப் பைப்பு..." என்றேன்.

அதன் முகம் வாடிப் போனது. "அதத்தான் எடுத்துட்டோமேம்மா. இன்னும் தொந்தரவா இருக்கா? எதுவா இருந்தாலும் நேராவே சொல்லிடுங்க. வீட்ட காலி பண்ணணும்னா பண்ணிடறோம். வேற வீடு பார்க்க மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு காலி பண்ணணும்?"

"நாங்கதான். ரெண்டு மாசமா நீங்க என்னப் பார்த்தாலே உள்ள போயிடறீங்க. எங்கள போகச் சொல்ல உங்களுக்கு மனசு வரலன்னு நெனச்சுக்கிட்டோம். அவரு வேற எடத்துல வீடு விசாரிச்சுக்கிட்டு இருக்காரு."

"அதெல்லாம் இல்லம்மா. எனக்கு உன் தண்ணி வேணும்" என்றேன்.

"தண்ணியா? குடிக்கவா? இருங்க, கொண்டு வரேன்."

"குடிக்க இல்ல. ஏசி தண்ணி. செடிக்கு. அது நல்ல தண்ணி. நான்தான் உப்ப ஊத்திட்டு உன்ன சந்தேகப்பட்டேன்."

முன்பின்னாக, பாதி விழுங்கி, ஒரு வழியாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கேஸ், கொசு, நீல பக்கெட், எல்லாம். கேட்கக் கேட்க அதன் கண் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அம்மா, அந்தப் பைப்ப செடிகிட்ட விடச் சொன்னதே நான்தாம்மா! மெக்கானிக் சன்ஷேட்லயே விட்டுடறேன்னாரு. வேணாம்ணா, கீழ அம்மா கொடி வெயில்ல வாடுது, அதுக்குப் போகட்டும்னு சொன்னேன்."

"அதை அன்னிக்கே என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க கொசுன்னு சொன்னீங்களே! பெரியவங்க கொசுன்னு சொல்லும்போது இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேசத் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீடு மாறவில்லை. முன்பக்கக் கொடியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஐப்பசி மழை மண்ணை நன்றாகக் கழுவட்டும் என்று காத்திருந்தேன். கார்த்திகையில் கட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே காய்ந்துவிட்டிருந்தது. தோண்டி எடுத்துவிட்டேன். மெஷின் தண்ணீர் இப்போது பாத்ரூம் கழுவவும் வீடு துடைக்கவும் போகிறது.

பின்பக்கக் குச்சியை முன்னால் எடுத்து நடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குப் பயம். அது தானாகப் பிடித்த இடம், அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணலை ஒதுக்கி நல்ல மண்ணும் எருவும் போட்டேன். மேலேயிருந்து அந்தப் பெண்ணே கயிறு கட்டிக் கொடுத்தது. இப்போது மோட்டார் ரூம் கூரை முழுக்க நித்தியமல்லிதான். ஏசி போடாத மார்கழி, தை மாதங்களில் அந்தப் பெண் அரிசி கழுவின தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறது.

ஆனால் பின்பக்கம் பூப்பது தெருவுக்குத் தெரியாது. சுவருக்கு வெளியே நின்று கையை நீட்டிப் பறிக்கவும் முடியாது. பூ வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். மூன்றாவது வீட்டு அம்மா கிண்ணத்தோடு வந்தால் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிடுகிறார். "பறிச்சுக்கோங்க" என்ற ஒரு வார்த்தை போதவில்லை. "உக்காருங்க" என்கிறேன். "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன், அவர் போகும் முன்பே கேட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் பல விஷயங்கள் குழப்பமாகத்தான் இருக்கின்றன, யார் மேலாவது சட்டென்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் அப்படி வரும்போதெல்லாம் வெள்ளை படிந்த அந்தச் சிவப்பு பக்கெட் கண்முன் வந்து நிற்கிறது, எதிராளியிடம் போவதற்கு முன்னால் என் பக்கெட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.